நாற்பது நாள் கஞ்சி

ஆறு பிணங்கள்!

டிஸ்பென்சரியின் பின்பக்கக் கூண்டுக்குள் வரிசையாகக் கிடந்தன. கழுத்து பின்னால் வளைந்து, கால்கள் விறைத்து...

யேசுரட்ணம் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

செத்தவை வாத்துக்குஞ்சுகள். தலவாக்கலைச் சந்தையில் வாங்கி வந்து பத்து நாள்தான் ஆகிறது. பத்து நாளும் தன் கையாலேயே தீனி போட்டார். அதனால்தான் செத்தன.

ஒரு குஞ்சின் வயிற்றை பிளேடால் கீறினார். ஈரல் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தது வெளிறிய மஞ்சளில்!

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆறு குஞ்சுகளையும் மண்ணுக்குள் போட்டு மூடிவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

அடுத்தது அவருடைய பெண்டாட்டி.

ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் யேசுரட்ணத்தை எல்லோரும் டொக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டொக்டர் இல்லை. மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர். தடிமலுக்கு ஒரு போத்தல், வயிற்று வலிக்கு ஒரு போத்தல், இரண்டிலும் ஒரே தண்ணீர். ஆனால் எண்ணூறு பேர் வேலை செய்யும் தோட்டத்தில் யார் எதனால் செத்தார் என்று எழுதுவது அவர் பேனாதான். அந்தப் பேனா எழுதிவிட்டால் மறுபேச்சு கிடையாது. ஒரு மனிதனைக் கெடுக்க அது போதாதா?

வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். மனைவி இசபெல். பிள்ளை இல்லை. ஜெபமாலை, பூசை, சமையல் என்று சத்தமே இல்லாமல் வாழ்கிற பெண். வீட்டில் ஒரு அலுமாரி இருப்பது போல அவளும் இருந்தாள். அலுமாரியோடு யாராவது பேசுவார்களா? அவரும் பேசமாட்டார்.

பேசுவதெல்லாம் சண்முகவடிவோடு.

சண்முகவடிவு தோட்டத்து மருத்துவிச்சி. இருபத்தேழு வயது. டிஸ்பென்சரியை ஒட்டிய அறையில் தனியாகக் குடியிருந்தாள். ஊரார் பிரசவத்தையெல்லாம் பார்த்தவளுக்கு இப்போது தன் வயிற்றிலேயே இரண்டு மாசம். தகப்பன் யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1965 பெப்ரவரியில் அவள் ஒரு தவணை வைத்தாள்.

"ஈஸ்டருக்குள்ள எனக்கு ஒரு முடிவு தெரியணும். வயிறு வெளிய தெரிஞ்சா நான் நேரா தொரை பங்களாவுக்குத்தான் போவேன்."

தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். குவாட்டர்ஸ் போகும். டொக்டரையா என்ற பட்டமும் போகும். சரி, இசபெலைத் தள்ளிவைத்துவிட்டு இவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. கத்தோலிக்கக் கோயிலில் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க சாவு ஒன்றுதான் வரவேண்டும்.

வராவிட்டால் என்ன? கூட்டிக்கொண்டு வரலாமே!

"எப்படின்னு மட்டும் கேக்காத" என்று வடிவிடம் சொன்னார். "ஈஸ்டருக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்... பாவம்.

யோசனை வந்தது பிளாண்டர்ஸ் கிளப்பின் கழிவுக் காகிதத்தில் இருந்து. வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட பழைய சஞ்சிகைகள் மருந்துப் பொட்டலம் மடிக்க டிஸ்பென்சரிக்கு வரும். அதில் ஒன்றில் ஒரு செய்தி இருந்தது. இங்கிலாந்தில் ஒரே வருஷத்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போயின. காரணம் தீனியில் பிடித்த பூஞ்சணம். அந்தப் பூஞ்சணம் ஒரு விஷத்தைக் கக்குகிறது. வறுத்தாலும் அவித்தாலும் அது சாகாது. தின்றவனின் ஈரல்தான் சாகும்.

மேலே இருந்து பார்த்தால் சாதாரணக் காமாலை!

காமாலை என்று எழுதப்போவது யார்? அவரேதான்!

சோள மூட்டை ஒன்றை டிஸ்பென்சரியின் வெந்நீர் அறைக்குள் வைத்தார். மலைக் குளிரில் பூஞ்சணமும் சோம்பேறியாகத்தான் கிடக்கும். வெந்நீர் அறையின் புழுக்கத்தில் அதற்குக் கொண்டாட்டம். சோளம் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்தது. வாத்துக்குஞ்சுகள் அதற்குச் சாட்சி.

மார்ச் முதலாம் திகதி, திங்கட்கிழமை. விடிகாலை.

இசபெல் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் புருஷன் நின்றார். கையில் ஆவி பறக்கும் கோப்பை.

"சோளக் கஞ்சி. நீ ரொம்ப மெலிஞ்சு போயிட்ட. தெனமும் நானே காய்ச்சித் தர்றேன்."

அவள் கோப்பையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் கோப்பையைப் பார்த்தாள்.

"புதன்கெழம தவக்காலம் தொடங்குதுங்க. நான் ஒரு நேரந்தான் சாப்புடுவேன்."

அதையும் அவர் யோசித்து வைத்திருந்தார். சாமியாரிடம் கேட்டுவிட்டதாகவும், காலையில் ஒரு வாய் கஞ்சி குடிப்பதால் நோன்பு முறியாது என்று சாமியாரே சொன்னதாகவும் கூசாமல் புளுகினார். இசபெல் தலையாட்டினாள். ஒரு வாய் குடித்தாள். முகம் லேசாகச் சுளித்தது.

"கசக்குதுங்க."

"சத்துன்னா கசக்கத்தான் செய்யும்."

அதற்கு மேல் நின்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை. ஆறு மணிக்குப் பெரட்டு. ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில் அவரும் நிற்க வேண்டும். யாருக்கு நிஜக் காய்ச்சல், யாருக்குச் சோம்பேறிக் காய்ச்சல் என்று அங்கேயே சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் துரை கத்துவார்.

எட்டு மணிக்குத் திரும்பினார். கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

அப்படியே ஒவ்வொரு நாளும் நடந்தது. விடிகாலையில் கஞ்சி... ஆறு மணிக்குப் பெரட்டு... எட்டு மணிக்குக் கழுவிய கோப்பை. மனுஷனுக்கு ஒரு நாள்கூட அலுக்கவில்லை. காதலித்த காலத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

மூன்றாவது வாரம் இசபெலின் கன்னம் ஒட்டியது. கண் குழி விழுந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. யேசுரட்ணம் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அக்கறையாகத் தலையில் தடவிக்கொடுத்தார். உள்ளுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வடிவுக்கும் உடம்பு சரியில்லைதான். டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடி ஓடி வாந்தி எடுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே கனமாக வலிக்கிறது என்றாள்.

"மசக்கை. வேறென்ன" என்றார் டொக்டரையா. "ஊருக்கெல்லாம் சொல்றவளுக்கு நான் சொல்லணுமா?"

தோட்டத்தில் வாய்கள் அதிகம். அதனால் ஈஸ்டர் வரைக்கும் வேலை நேரம் தவிர அவள் அறைப் பக்கம் போவதில்லை என்று வைத்திருந்தார். போத்தல்களை அடுக்கி வைத்திருக்கும் அந்த இருட்டு மூலையில் அவள் கண்ணை அவர் ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. நாளெல்லாம் பெண்டாட்டியின் கண்ணில் மஞ்சள் தேடுகிறவருக்கு அடுத்தவள் கண்ணைப் பார்க்க ஏது நேரம்?

ஏப்ரல் பதின்மூன்று. ஈஸ்டருக்கு ஐந்து நாள்.

டிஸ்பென்சரி டெலிபோன் அலறியது!

ஃபெக்டரியிலிருந்து கிளாக்கர் பேசினார். தொழிலாளர் குடியிருக்கிற ஏழாம் நம்பர் லயத்துக்குப் போகிற வழியில் மருத்துவிச்சி விழுந்து கிடக்கிறாள், கொழுந்து எடுக்கிற பெண்கள் தூக்கி வைத்திருக்கிறார்கள், மூக்கிலும் வாயிலும் ரத்தம் வருகிறது, நிற்கவே இல்லை...

யேசுரட்ணம் ஓடினார்.

வடிவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே படங்குச் சாக்கின் மேல் கிடந்தாள். ரத்தம் கழுத்து வரை வழிந்திருந்தது. கீழேயும் சேலை நனைந்திருந்தது. குனிந்து அவள் இமையைத் தூக்கினார்.

மஞ்சள்! அரைத்துப் பூசியது போல மஞ்சள்!

காமாலை எப்படி வந்தது? நிஜக் காமாலையா? உலகத்தில் நிஜக் காமாலையும் உண்டே. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோட்டத்து லொறியில் அவளைப் போட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். லொறி ஆடிய ஆட்டத்திலேயே குழந்தை போய்விட்டது.

இரண்டு நாள் ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய ரத்தமும் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் படித்த மனிதர். வராந்தாவில் யேசுரட்ணத்தை நிறுத்திவைத்து, தொழில்காரனிடம் பேசுவது போல விளக்கமாகச் சொன்னார். இது கிருமியால் வந்த காமாலை மாதிரித் தெரியவில்லை என்றார். அவருக்குச் சந்தேகமெல்லாம் ஏதோ ஒரு விஷத்தின் மேல்தான்.

ஈரல் ஒரு அப்பாவி. உடம்புக்குள் எது வந்தாலும் அதை உடைத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. சில விஷங்கள் வந்தபோது அவ்வளவு பொல்லாதவையாக இருக்காது. ஈரல் உடைத்துக் கொடுத்த பிறகுதான் அவற்றுக்குப் பல் முளைக்கும். முளைத்த பல்லோடு, உடைத்துக் கொடுத்த அந்தச் செல்லையே கடிக்கும். செல்லின் நடுக்கரு வரை நுழைந்து ஒட்டிக்கொள்ளும். அத்தோடு செல் வேலையை மறந்துவிடும். புரதம் செய்யாது. உள்ளே கொழுப்பு கட்டும். ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கும் ஈரலில்தான் தயாராகிறது. அது நின்றுபோனால் உடம்பில் எந்த ஓட்டை வழியாகவும் ரத்தம் வரும்.

வாத்துக்குஞ்சின் வயிற்றுக்குள் யேசுரட்ணமே பார்த்த கதையை ஒருவர் மனுஷப் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்" என்றார் டொக்டர். இருவரும் கட்டிலுக்குப் போனார்கள்.

வடிவு கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. தினமும் என்ன சாப்பிட்டாய் என்று டொக்டர் கேட்டார். அவள் யேசுரட்ணத்தைப் பார்த்தாள். குற்றவாளி போலப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மா... தெனம் காலையில கொண்டாந்து குடுத்தாங்க. சோளக் கஞ்சி."

யேசுரட்ணம் டொக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நீங்க பெரட்டுக்குப் போனதும் வருவாங்க. மாசமா இருக்குறவ நீ குடின்னாங்க. இது அவங்க நோன்புத் தர்மமாம்... வெளிய சொன்னா பலன் போயிருமாம். அவங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு. நான்தான் அவங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன்... வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் அழுதாள். அழுதால் மூக்கில் ரத்தம் அதிகமாக வந்தது. நர்ஸ் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டொக்டர் திரும்பினார். எந்தச் சோளம், எங்கே வாங்கியது, எப்படி வைத்திருந்தீர்கள் என்று அடுக்கினார். யேசுரட்ணம் ஒரே பதிலைத்தான் சொன்னார். தனக்கு எதுவும் தெரியாது, சமையல் எல்லாம் மனைவி பாடு.

காதலி செத்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள், மாற்று மருந்து கிடையாது. ஆனால் அதை யோசித்து அவர் வாயை மூடவில்லை.

பெரிய வியாழன் மத்தியானம் சண்முகவடிவு செத்துப்போனாள்.

மறுநாள், பெரிய வெள்ளி. காலை பஸ்ஸில் யேசுரட்ணம் தோட்டத்துக்குத் திரும்பினார். நேராக வெந்நீர் அறைக்கு ஓடினார். மூட்டையை அடுப்பில் கொட்டிக் கொளுத்திவிட்டால் போதும். சோளமும் இல்லை, சாட்சியும் இல்லை.

மூட்டை இல்லை!

பின்வாசல் வழியாக வீட்டுக்குள் பாய்ந்தார். குசினியில் இசபெல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒட்டிய கன்னம். குழி விழுந்த கண். ஆனால் அந்தக் கண்ணில் ஒரு துளி மஞ்சள் இல்லை. பால் போல வெள்ளை!

நாற்பது நாள் பட்டினி கிடந்தால் யார் கன்னமும் ஒட்டும். அது நோன்பு. ஈரல் கெட்டால் வாந்தி வரும், விலா வலிக்கும், கண் மஞ்சளாகும். அது விஷம். இந்த வித்தியாசம் கைராசிக்கார டொக்டரையாவுக்குத் தெரியாமல் போய்விட்டது. நோன்பை விஷம் என்றும், விஷத்தை மசக்கை என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"மூட்டை எங்க?"

"பத்திரமா இருக்குங்க."

இசபெல் எப்போதுமே மெதுவாகத்தான் பேசுவாள். அன்று இன்னும் மெதுவாகப் பேசினாள். அவர் காதைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தது.

"கஞ்சிய ஏன் அவகிட்ட குடுத்த?"

"பதினெட்டு வருசமா எனக்கு ஒரு செம்பு தண்ணி மொண்டு தராத மனுசன் நீங்க. காய்ச்சல்ல கெடந்தப்பகூட நானா எந்திரிச்சுத்தான் குடிச்சேன். அந்த மனுசன் ஒரு நா விடிகாலையில கஞ்சி காய்ச்சிக்கிட்டு வந்து நின்னா, நான் என்னன்னு நெனைப்பேன்?"

"அதுக்கு? அவ என்ன பண்ணினா?"

"நான் பீலிக்கரைக்குத் தண்ணிக்குப் போனா பொம்பளைங்க பேச்சு நின்னு போகுதுங்க. ஒரு வருசமா நிக்குது. நான் செவிடு இல்ல. அவ முழுகாம இருக்குறதும் அங்கதான் காதுல விழுந்துச்சு."

கீரைக் காம்பை ஒடித்து ஒரு பக்கம் போட்டாள்.

"மொத வாரம் எனக்கும் வெறும் சந்தேகந்தான். நம்ம புருசனப் போயி இப்படி நெனைக்கிறோமேன்னு கஷ்டமாக்கூட இருந்துச்சு. அப்பறம் அவ வாந்தி எடுத்தா. ஒரு நா கண்ணு லேசா மஞ்சளா தெரிஞ்சிச்சு. அதுக்கப்பறம் சந்தேகம் இல்ல."



"தெரிஞ்ச பொறகுமா குடுத்த?"

"நாப்பது நா நேர்த்திங்க. பாதியில விடக்கூடாது."

அவள் குரலில் கோபம் இல்லை. அழுகை இல்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல். அதுதான் அவரைப் பைத்தியமாக்கியது. இவ்வளவு நாள் அலுமாரி என்று நினைத்தது வாயைத் திறந்து கடித்துவிட்டது. மேசையில் இருந்த கீரைத் தட்டைத் தூக்கி எறிந்தார். கத்தினார். லயத்து வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"நீ கொலைகாரி! அந்தக் கஞ்சி உன்னைக் கொன்னுரும்னு தெரிஞ்சுதானே அவளுக்குக் குடுத்த! தெரிஞ்சேதான் குடுத்த!"

முன்னறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

யேசுரட்ணம் திரும்பினார். வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு காக்கிச் சட்டை ஒன்று நின்றது. இன்ஸ்பெக்டர் கந்தப்பன். ஹட்டனிலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரி டொக்டர் டெலிபோன் பண்ணி, அந்தச் சோளத்தைக் கொஞ்சம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரமாக முன்னறையில், சோள மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யார் மேலும் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கெட்டுப்போன சோளம், எங்கும் நடக்கிற கவனக்குறைவு என்றுதான் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்.

இப்போது அந்தப் பக்கத்தை மெல்லக் கிழித்தார்.

"டொக்டரையா, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றார். "இந்தச் சோளம் ஆளக் கொல்லும்னு ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டருக்கே இன்னும் நிச்சயமாத் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யேசுரட்ணம் பின்வாசலைப் பார்த்தார்.

"ஒங்க சம்சாரத்தக் கொல்லும்னு வேற சொன்னீங்க. அவங்களுக்குன்னு காய்ச்சுனது யாரு?"

"இவகிட்ட கேளுங்க சேர்! இவ இப்ப என்கிட்ட சொன்னா... எல்லாத்தையும் சொன்னா!"

"நான் கேட்டது ஒங்க சத்தத்த மட்டுந்தான். அவங்க பேசுனது ஒரு வார்த்தகூட எனக்கு விழல."

இன்ஸ்பெக்டர் இசபெலைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தேம்பித் தேம்பிச் சொன்னாள். கஞ்சி காய்ச்சியது அவர்தானாம். பாசத்தில் காய்ச்சுகிறார் என்று நினைத்தாளாம். தனக்கு நோன்பு, வயிற்றுப் பிள்ளைக்காரியாவது குடிக்கட்டும் என்று கொடுத்தாளாம். ஐயோ, இப்படி ஆகும் என்று யார் கண்டது...

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மாவைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். டொக்டரையாவைப் பார்த்துக் காறித் துப்பினார்கள்.

ஜீப்பில் காத்திருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து யேசுரட்ணத்தின் கையில் விலங்கை மாட்டினார்கள். அவர் பொய் சொன்ன நாளெல்லாம் தோட்டமே நம்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லிக் கதறினார், நம்ப ஒரு நாய் இல்லை. ஜீப்புக்குள் தள்ளும் வரை கத்திக்கொண்டே போனார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். குசினித் தரையில் சிதறிக் கிடந்த கீரையை இசபெல் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இலைகூட விடவில்லை. அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. கண் ஈரமாகக்கூட இல்லை. கந்தப்பன் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் நிமிர்ந்தாள். வெகு மரியாதையாகக் கேட்டாள்.

"இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. ஒரு தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?"

கந்தப்பனுக்கு நாக்கு வறண்டுதான் இருந்தது. அடுப்பைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்துக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல் போன ஒரே இன்ஸ்பெக்டர் அவர்தான்!